ஒட்டகச்சிவிங்கிக்குள் ஒளிந்திருக்கும் சிவிங்கி

ஆங்கிலத்தில் இன்று ஜிராஃப் என்று வழங்கும் விலங்குக்கு அம்மொழியில் முன்பு 'கேமலோபார்டு' என்றொரு பெயர் இருந்தது. அகராதிகள் அதை வழக்கொழிந்த சொற்களின் வரிசையில் வைத்துவிட்டன. பழைய நூல்களைப் புரட்டுபவர் கண்ணில் மட்டுமே அது இன்று தட்டுப்படுகிறது. அதன் முற்பகுதி ஒட்டகத்தையும் பிற்பகுதி உடலில் புள்ளிகள் உடைய பெரும்பூனையையும் குறிக்கும். இப்படியொரு பெயரா என்று ஆங்கில வாசகர் புன்னகைக்கலாம்; தமிழ் வாசகருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை, ஏனெனில் முதல் வகுப்புக் குழந்தையும் படத்தைப் பார்த்துச் சொல்லும் 'ஒட்டகச்சிவிங்கி' என்பது உறுப்புக்கு உறுப்பு அதே பெயர்தான். ஆங்கிலம் பழம்பொருளாக ஒதுக்கிய சொல்லமைப்பைத் தமிழ் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருக்கிறது.

இந்தப் பெயரின் வரலாற்றைப் பின்தொடர்வதற்குக் கொல்கத்தா பொருத்தமான ஊர். அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் ஒட்டகச்சிவிங்கியின் வேலிக்கு முன்னால் நிற்கும் வங்காளக் குடும்பம் அதை 'ஜிராஃப்' என்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் அதே விலங்கை 'ஒட்டகச்சிவிங்கி' என்கிறார்கள். வங்கத்திலிருந்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்துக்குப் போன ஓர் ஒட்டகச்சிவிங்கிக்கு அங்கே மூன்றாவதொரு பெயர் கிடைத்தது. ஒரு மொழி, தன் நிலத்தில் பிறக்காத உயிருக்குப் பெயரிடும்போது, தெரிந்தவற்றைக் கலந்து புதுச்சொல் கட்டலாம், வந்த ஒலியை அப்படியே ஏற்கலாம், அல்லது தன் புராணத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கலாம். இம்மூன்று வழிகளும் இந்த ஒரே விலங்கின் பெயர்களில் காணக் கிடைக்கின்றன.

கிரேக்கம் கட்டிய கலவை

கேமலோபார்டு என்பதன் மூலம் 'கமேலோபார்டலிஸ்' என்னும் கிரேக்கச் சொல். 'கமேலோஸ்' ஒட்டகம், 'பார்டலிஸ்' சிறுத்தை போன்ற புள்ளிப் பூனை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, அலெக்சாந்திரியாவில் நடத்திய பெரும் ஊர்வலத்தில் ஒரு கமேலோபார்டலிஸ் இடம்பெற்றதாக அக்காலத்துக் குறிப்பொன்று பின்னோர் நூல் வழியே எஞ்சியிருக்கிறது. நைல் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் விலங்குகள் எகிப்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. யானை வேட்டைக்காகத் தெற்கே அனுப்பப்பட்ட கிரேக்கர்கள், நெடுங்கழுத்தையும் நடையையும் பார்த்து ஒட்டகத்தையும், தோலின் திட்டுகளைப் பார்த்துச் சிறுத்தையையும் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

உரோம நகரம் இவ்விலங்கை முதன்முதலில் கண்டது கி.மு. 46இல், ஜூலியஸ் சீசர் நடத்திய வெற்றிவிழாக் காட்சிகளின்போது. இலத்தீன் அறிஞர் வாரோ, உருவில் ஒட்டகம், புள்ளியில் சிறுத்தை என்று பெயர்க்காரணம் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் இயற்கை வரலாறு எழுதிய பிளினி, கழுத்துக்குக் குதிரையையும், காலுக்கு மாட்டையும், தலைக்கு ஒட்டகத்தையும் ஒப்பிட்டதோடு, பார்வைக்கு வியப்பாக இருந்தாலும் மூர்க்கம் இல்லாததால் உரோமர் அதைக் 'காட்டு ஆடு' என்றும் அழைத்தனர் என்கிறார். சிங்கமும் கரடியும் மோதிக் குருதி சிந்துவதைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு, பெயரில் சிறுத்தையை வைத்துக்கொண்டு இலை தின்னும் ஒரு பிராணி ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

கலவைப் பெயர் நாளடைவில் கலப்புப் பிறவி என்னும் நம்பிக்கையாகத் தடித்தது. பெயரில் இரண்டு விலங்குகள் இருந்தால் பிறப்பிலும் இரண்டு விலங்குகள் இருக்க வேண்டும் என்று பழைய உலகம் எளிதாக நம்பியது. ஆங்கிலத்தில் சிறுத்தையைக் குறிக்கும் 'லெப்பர்டு' என்ற சொல்லே இதற்கு இன்னொரு சான்று. 'லியோ' என்னும் சிங்கமும் 'பார்டு' என்னும் பூனையும் கூடிப் பெற்ற குட்டி என்ற கருத்தில் பிறந்த பெயர் அது. ஆக, கேமலோபார்டும் லெப்பர்டும் ஒரே பட்டறையில் வார்த்த சொற்கள். ஒன்று நிலைத்தது, மற்றது தேய்ந்தது.

இந்தியாவின் பெயரும் இந்தப் பழங்கதையில் ஒரு முறை வந்து போகிறது. கி.பி. 496இல் பைசாந்தியப் பேரரசர் அனஸ்தாசியஸுக்கு 'இந்தியா' ஒரு யானையையும் இரண்டு கமேலோபார்டலிஸ்களையும் அனுப்பியதாக அக்கால வரலாற்றுக் குறிப்பொன்று கூறுகிறது. செங்கடலுக்குத் தெற்கே இருந்த நாடுகள் அனைத்தையும் இந்தியா என்று பொதுவாகச் சொல்லும் பழக்கம் மத்தியதரைக் கடல் எழுத்தாளர்களிடம் இருந்தது. அவ்விலங்குகள் ஆப்பிரிக்கக் கரையைச் சேர்ந்தவை என்றே கொள்ள வேண்டும். தொலைவில் உள்ள நாட்டின் பெயரும் தொலைவிலிருந்து வந்த விலங்கின் பெயரைப் போலவே குத்துமதிப்பானதுதான்.

பாரசீகத்தின் மூவர் கூட்டு

ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்தது கிரேக்கம் மட்டுமன்று. பாரசீகத்தில் இவ்விலங்குக்கு 'உஷ்துர்-காவ்-பலங்' என்றொரு பழம்பெயர் உண்டு. உஷ்துர் ஒட்டகம், காவ் மாடு, பலங் சிறுத்தை. இங்கே மாடும் கூட்டணியில் சேர்ந்துவிட்டது. பஸ்ரா நகரில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில் இப்பெயரை எடுத்துக்காட்டி, பெண் ஒட்டகமும் காட்டு மாடும் கழுதைப்புலியும் கலந்து பிறந்த பிராணி இது என்று மக்கள் சொல்லும் கதையை ஐயத்தோடு ஆராய்கிறார். பெயரில் உள்ள உவமையைப் பிறப்பின் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற தெளிவு அன்றே சிலருக்கு இருந்திருக்கிறது.

அரபு மொழி வழங்கிய பெயர் 'ஸராஃபா'. இச்சொல்லைக் கூட்டம், தொகுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லோடு இணைத்து, பல விலங்குகளின் அடையாளங்கள் ஒன்றுகூடியதால் வந்த பெயர் என்று அரபு அகராதியாளர் சிலர் விளக்கம் கூறினர். அந்த விளக்கத்தின்படி பார்த்தால் அரபுப் பெயருக்குள்ளும் கலவைதான் இருக்கிறது. ஸராஃபா இத்தாலியத்தில் 'ஜிராஃபா' ஆகி, பிரெஞ்சு வழியும் கடந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கேமலோபார்டு அங்கே அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னதாகவே குடியேறியிருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு பெயர் தேய்ந்த விதம்

இரண்டு பெயர்களும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. பைபிளின் உபாகமத்தில், உண்ணத்தக்க விலங்குகளின் பட்டியலில் வரும் பொருள் தெளிவில்லாத எபிரேயச் சொல் ஒன்றைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கமேலோபார்டலிஸ்' என்று ஆக்கியிருந்தது. இலத்தீனும் அதையே பின்பற்றியதால், இலத்தீன் வழிவந்த கத்தோலிக்க ஆங்கில பைபிளிலும் இந்தச் சொல் ஏறியது. ஒட்டகச்சிவிங்கியைக் கண்ணால் காணாத பல தலைமுறைகள் அதன் பெயரைத் தேவாலயத்தில் கேட்டிருக்கின்றன.

நிலைமை மாறியது 1827இல். எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா, பிரான்சு மன்னருக்கு ஒன்றும் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு ஒன்றுமாக இரண்டு ஒட்டகச்சிவிங்கிக் குட்டிகளை அனுப்பினார். பிரான்சுக்கு வந்தது மார்செய் துறைமுகத்திலிருந்து பாரிஸ் வரை கால்நடையாகவே நடத்திச் செல்லப்பட்டது. வழிநெடுக ஊர் திரண்டது, தலையலங்காரத்திலிருந்து பீங்கான் தட்டு வரை அதன் உருவம் பரவியது. இங்கிலாந்துக்கு வந்த குட்டி 1829இல் இறந்துபோனாலும், 1836இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்கு நான்கு விலங்குகள் வந்து சேர்ந்தன. கண்ணெதிரே நிற்கும் விலங்குக்கு ஒப்புமை தேவைப்படுவதில்லை. அது எதைப் போல இருக்கிறது என்று விளக்கும் வேலை முடிந்துவிட்டதால், அந்த வேலைக்காகவே பிறந்த நீண்ட பெயர் ஓய்வு பெற்று, இரண்டு அசையில் முடியும் ஜிராஃப் அதன் இடத்தைப் பிடித்தது.

அதன்பின் கேமலோபார்டு ஏளனத்துக்கும் விளையாட்டுக்கும் உரிய சொல்லாக மாறியது. 1836இல் எட்கர் ஆலன் போ வெளியிட்ட அங்கதக் கதையொன்றில், ஒரு மன்னன் மனிதத் தலையுடைய கேமலோபார்டாக வேடமிட்டு வருகிறான். மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில், ஊரை ஏமாற்றும் இரு பித்தலாட்டக்காரர்கள் தங்கள் போலி நாடகத்துக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக்கி விளம்பரம் ஒட்டுகிறார்கள். கேட்டவுடன் பிரமாண்டமாகவும், யோசித்தால் என்னவென்று புரியாததாகவும் ஒலிப்பதே அந்த விளம்பரத்துக்குத் தேவையாக இருந்தது.

பேச்சில் மறைந்த பெயர் அறிவியலில் நிலைபெற்றது. 1758இல் லின்னேயஸ் இவ்விலங்கை மான் பேரினத்தில் சேர்த்து, சிற்றினப் பெயராகக் 'கமேலோபார்டாலிஸ்' என்பதை இட்டார். பின்னர் ஜிராஃபா என்ற தனிப் பேரினம் ஏற்பட்டபோது, அரபுப் பெயர் முன்னும் கிரேக்கப் பெயர் பின்னுமாக 'ஜிராஃபா கமேலோபார்டாலிஸ்' என்ற இருசொற் பெயர் அமைந்தது. வட வானில் மங்கலான விண்மீன்களைக் கொண்ட ஒரு விண்மீன் கூட்டத்துக்கும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரஸ் பிளான்சியஸ் இப்பெயரைச் சூட்டினார். சில ஆண்டுகளில் யாக்கோபு பார்ட்ச் என்னும் வானியலாளர், அது பைபிளில் ரெபேக்காள் ஏறிவந்த ஒட்டகத்தைக் குறிக்கும் என்று விளக்கம் சொன்னார். பெயரின் முற்பாதியை மட்டும் கண்டு பிற்பாதியை மறப்பது அன்றே தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதே பெயர் 'கமீல்பெர்து' என்று திரிந்து, கேட்பவர் காதில் 'ஒட்டகக் குதிரை' என்றே ஒலிக்கிறது. 'பார்டு' எதுவென்று மறந்த நாக்கு, தனக்குத் தெரிந்த குதிரையை அந்த இடத்தில் வைத்துவிட்டது.

பாண்டுவாவிலிருந்து சீன அவைக்கு

வங்கத்தின் பங்கு 1414ஆம் ஆண்டில் வருகிறது. இன்றைய மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்தில் உள்ள பாண்டுவா அன்று வங்க சுல்தானியத்தின் தலைநகரம். சுல்தான் சைஃபுத்தீன் ஹம்ஸா ஷாவின் பெயரில் சீனத்தின் யோங்லெ பேரரசருக்கு அனுப்பப்பட்ட அன்பளிப்புகளில் ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியே வங்கத்துக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் கப்பலேறிய விலங்கு அது. மறு ஆண்டிலேயே, இன்றைய கென்யாவில் உள்ள மலிந்தியிலிருந்து இன்னொன்று சீனத்துக்குச் சென்றது.

சீன அவை அதைக் 'கிலின்' என்று அடையாளம் கண்டது. கிலின் என்பது சீனப் புராணங்களில் வரும் மங்கல விலங்கு. மானின் உடலும் மாட்டின் வாலும் உடையது, உயிர்களுக்குத் தீங்கு செய்யாதது, அறநெறி வழுவாத மன்னன் ஆளும் காலத்தில் மட்டுமே தோன்றுவது என்பது நம்பிக்கை. அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்துக்கொண்ட யோங்லெ பேரரசருக்கு அத்தகைய சான்றிதழ் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவைக் கலைஞர் ஷென் து, வங்கத்திலிருந்து கிலின் வந்த செய்தியைப் புகழ்ந்து எழுதிய வாசகத்தோடு கூடிய ஓவியத்தின் படி இன்றும் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. சோமாலி மொழியில் ஒட்டகச்சிவிங்கியைக் குறிக்கும் 'கெரி' என்ற சொல் கிலினோடு ஒலியால் நெருங்கியிருந்தது இந்த அடையாளத்துக்கு வழிசெய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இன்றைய சீனம் இவ்விலங்கை 'நெடுங்கழுத்து மான்' என்று எளிமையாக அழைக்கிறது. ஜப்பானியமோ பழைய புராணப் பெயரைக் 'கிரின்' என்ற வடிவில் இன்னும் வைத்திருக்கிறது. பிறந்த மொழியில் ஒழிந்த பெயர் அயல்மொழியில் நிலைப்பது தமிழுக்கு மட்டும் உரிய விந்தையன்று என்பதற்கு இது ஒரு சான்று.

இந்தக் காலத்துச் சீனக் கடற்பயணங்களில் தமிழும் இருந்தது. தளபதி செங் ஹே இலங்கையில் நாட்டுவதற்காக 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறித்த கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒட்டகத்தோடு சிறுத்தையைச் சேர்த்துப் பெயரிட்ட பாரசீகமும், கிலின் என்று பெயரிட்ட சீனமும், பின்னாளில் ஒட்டகச்சிவிங்கி என்று பெயரிட்ட தமிழும் ஒரே கல்லில் பக்கம் பக்கமாக நிற்கும் காட்சி அது.

கொல்கத்தாவின் எலும்புகளும் சொற்களும்

ஒட்டகச்சிவிங்கியை அயல்நாட்டு விலங்கு என்று சொல்வதற்கும் கொல்கத்தா ஒரு திருத்தம் கூறும். இமயத்தின் அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளில் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் தோண்டியெடுத்த தொல்லெலும்புகளில் ஒரு மாபெரும் மண்டையோடு இருந்தது. சிவனின் பெயரையும் விலங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து அதற்குச் 'சிவதேரியம்' என்று பெயரிட்டு, கொல்கத்தாவின் ஆசியக் கழகம் வெளியிட்ட ஆய்விதழில் 1836இல் விவரித்தனர். அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே குன்றுகளில் கிடைத்த உண்மையான ஒட்டகச்சிவிங்கி இனத்தின் எலும்புகளுக்கும் அவர்கள் 'கமேலோபார்டாலிஸ்' என்னும் பழம்பெயரையே வழங்கினர். ஃபால்கனர் பிற்காலத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். மனிதர் பெயரிட வருவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்விலங்கின் உறவினர் இம்மண்ணில் மேய்ந்து மறைந்திருக்கின்றனர்.

உயிருள்ள விலங்குகளுக்கான அலிப்பூர்க் காட்சிச்சாலையை 1876ஆம் ஆண்டின் முதல் நாளில் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ராம் பிரம்ம சன்யால், கீழ் வங்கத்தின் தட்பவெப்பத்தில் கூண்டு விலங்குகளைப் பேணுவது பற்றி 1892இல் எழுதிய கையேடு அத்துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று. வங்காளிகள் இந்த இடத்தைச் 'சிடியாகானா' என்பார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பறவை வீடு'. யானையும் புலியும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கும் இடத்துக்குப் பறவை வீடு என்று பெயர் இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனெனில் புழக்கத்துக்கு வந்த பெயரை யாரும் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை.

அந்தப் பறவை வீட்டுக்குள் வங்காளமும் தமிழும் பெயரிடும் முறைகளை ஒப்பிட்டால் ஒரு சுவையான குறுக்குக் கோலம் தெரிகிறது. நீர்யானையை வங்காளம் 'ஜலஹஸ்தி' என்கிறது. நீரும் யானையும் இரு மொழியிலும் ஒன்றே. வரிக்குதிரை என்று தமிழ் சொல்வதை வங்காளம் 'ஜேப்ரா' என்று ஒலியோடு எடுத்துக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியிலும் அப்படியே, தமிழ் கட்டியது, வங்காளம் கடன் வாங்கியது. ஆனால் தீக்கோழிக்கு வரும்போது வரிசை தலைகீழாகிறது. தமிழ் அப்பறவையில் நெருப்பைக் கண்டு தீக்கோழி என்றது. வங்காளமோ 'ஒட்டகப் பறவை' என்று பொருள்படும் 'உட்பாகி' என்றே அதைக் குறிக்கிறது. பாரசீகத்தின் 'ஷுதுர்முர்க்', கிரேக்கத்தின் 'ஸ்த்ரூதோகமேலோஸ்' ஆகியவையும் பறவைக்குள் ஒட்டகத்தை வைத்த பெயர்கள்தான். ஆக, பழைய உலகம் நெடுங்கழுத்துப் பிராணிகள் இரண்டுக்கு ஒட்டகத்தைக் கொண்டு பெயரிட்டது. அவற்றில் ஒன்றை வங்காளமும் மற்றொன்றைத் தமிழும் காத்துவருகின்றன. வங்காளத்தின் 'உட்' என்பதும் தமிழின் 'ஒட்டகம்' என்பதும் வடமொழி 'உஷ்ட்ர' வழியில் உறவுடைய சொற்கள் என்பது இந்தப் பங்கீட்டை மேலும் நெருக்கமாக்குகிறது.

கடன் வாங்கிய ஒலியாக இருந்தும் ஜிராஃப் வங்காளத்தில் வேர் பிடித்தது. கவிஞர் சக்தி சட்டோபாத்யாயின் 1965ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு, தர்மத்திலும் இருக்கிறாய், ஜிராஃபிலும் இருக்கிறாய் என்று பொருள்படுவது. அது நூலை விட்டு இறங்கி, ஒன்றுக்கொன்று ஒட்டாத இரு பக்கத்திலும் கால் வைத்திருப்பவரைச் சுட்டும் மரபுத்தொடர்போல் கொல்கத்தாவின் பேச்சில் வழங்குகிறது. தமிழர் அத்தகையவரைப் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பார்கள்.

தமிழ்ப் பெயரின் இலக்கணம்

ஒட்டகம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களைக் கூறும் இடத்தில் ஒட்டகத்தையும் சேர்க்கிறது. கடற்கரையில் கிடக்கும் அகில் கட்டைக்கு உறங்கும் ஒட்டகத்தை உவமையாக்குகிறது சிறுபாணாற்றுப்படை. சிவிங்கி என்பது வேட்டைக்குப் பழக்கப்படுத்தப்பட்ட, மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடைய புள்ளிப் பூனைக்கு வழங்கிய பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'சிவங்கி' என்ற உறவுச் சொல் சிறுத்தை வகைகளையும் சில வழக்குகளில் கழுதைப்புலியையும் குறிக்கும். இந்த விலங்கு தமிழகத்துக்கு வெறும் கேள்விப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை. சென்னையின் ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகட் இங்கிலாந்து மன்னருக்கு அளித்த சிவிங்கியை, அதைப் பழக்கும் இரண்டு இந்தியரோடு சேர்த்து ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1760களில் தீட்டிய ஓவியம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நீர்யானை, வரிக்குதிரை போன்ற பெயர்களை விலங்கைப் பார்த்த எவரும் தாமாகவே கட்டிவிடலாம். ஒட்டகச்சிவிங்கி அப்படியல்ல, ஒட்டகம், புள்ளிப் பூனை என்ற இதே இரண்டையும் இதே வரிசையில் அடுக்கியிருப்பது, கிரேக்க-இலத்தீன்-ஆங்கிலப் பெயரின் வழித்தடத்தை அறிந்த ஒருவர் செய்த சொற்பெயர்ப்பு என்பதைக் காட்டுகிறது. சொற்பெயர்ப்பு என்பது ஒலியைக் கடன் வாங்காமல், பிறமொழிச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்துத் தன் மொழியில் மீண்டும் பொருத்துவது. அருகிலுள்ள கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றும் ஜிராஃபின் ஒலியையே ஏற்றிருக்க, தமிழில் மட்டும் இந்தப் பொருத்து வேலை மக்கள் வழக்காகவே நிலைபெற்றது.

பொருத்திய விதத்தில் ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. ஒட்டகமும் சிவிங்கியும் என்று இரண்டையும் சமமாக எண்ணும் உம்மைத்தொகையாக இருந்திருந்தால், தாய்தந்தை என்பதில் போல நடுவில் ஒற்று மிகாது. இங்கே மகரம் கெட்டுச் சகரம் மிகுந்து ஒட்டகச்சிவிங்கி ஆகியிருப்பதால், மலர்க்கண் என்பதில் போல, முன்னது அடையாகவும் பின்னது தலைமைச் சொல்லாகவும் நிற்கிறது. அதாவது இலக்கணத்தின் கணக்கில் அந்த விலங்கு ஒட்டகத்தைப் போன்ற ஒரு சிவிங்கி. இலை தின்று அசைபோடும் பிராணியைத் தமிழ்ப் புணர்ச்சி விதி பூனைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. கிரேக்கச் சொல்லின் தலைமை உறுப்பும் 'பார்டலிஸ்' என்பதால், மூலத்தின் பிழையையும் சேர்த்தே தமிழ் உண்மையாகப் பெயர்த்திருக்கிறது.

ஆனாலும் சொல்லைப் பயன்படுத்துவோர் மனத்தில் அந்தப் பூனை இல்லை. ஒட்டகத்தை எல்லோரும் அறிவர். சிவிங்கி என்ன என்று கேட்டால் பலர் தயங்குவார்கள், நெடுங்கழுத்தைக் குறிக்கும் ஏதோ ஒரு சொல்லாக இருக்கும் என்று ஊகிப்பவர்களும் உண்டு. பார்ட்ச் வானத்து விண்மீன் கூட்டத்தில் செய்ததும், ஆப்பிரிக்கான்ஸ் தன் நாக்கில் செய்ததும் தமிழிலும் பாதி நடந்திருக்கிறது: பிற்பாதியின் பொருள் மறைந்தது. ஒலி மட்டும் சிதையாமல் நின்றது.

அந்த மறதிக்கு வெளியே ஒரு காரணம் இருந்தது. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தில் 1947இல் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று சிவிங்கிகளே இந்தியக் காடுகளில் உறுதியாகப் பதிவான கடைசி விலங்குகள். 1952இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. விலங்கு போனபின் அதன் பெயரைத் தனியே சொல்ல யாருக்கும் தேவை ஏற்படவில்லை. தமிழில் அச்சொல் நாள்தோறும் ஒலித்த ஒரே இடம், இந்நாட்டுக் காட்டில் திரியாத வேறொரு விலங்கின் பெயருக்குள்தான்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று, நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆங்கிலம் சீட்டா என்று எழுதிய செய்தியைத் தமிழில் சொல்ல வந்தவர்களுக்குச் சிறுத்தை என்ற சொல் போதவில்லை, ஏனெனில் சிறுத்தை இந்தியக் காடுகளில் ஏற்கெனவே வாழும் வேறொரு விலங்கு. வங்காளத்திலும் 'சிதாபாக்' என்றால் பொதுவாகச் சிறுத்தைதான். தமிழ் ஏடுகள் பல 'சிவிங்கிப்புலி' என்று எழுதின. அகராதியைத் திறந்து பார்க்காத வாசகருக்கும் அந்தச் சொல் அந்நியமாக ஒலிக்கவில்லை. பள்ளிப் படப்புத்தகத்தில் ஒட்டகத்துக்குப் பின்னால் அதை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.